நாலுகால் பண்ணையாள்

ஓசூர்,
6 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன். வடகரைவெளி கிளை அஞ்சலகத்துக்கு வரும் பையை நீதான் பிரிக்க வேண்டும், நீதான் முத்திரை குத்த வேண்டும். குத்திய பிறகு படிக்காமல் கிழித்துப்போட போஸ்ட் மாஸ்டர் அம்மாவுக்கு மனசு வராது என்ற தைரியம்தான்.

நான் செய்த குற்றம் என்ன? உனக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். எங்கள் கம்பெனியின் நாலுகால் ரோபோ உர மூட்டையைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கிறது. ஷூ போட்ட ஒரு கால் அதை விலாவில் உதைக்கிறது. அது சாய்ந்து, காலை அகட்டி, சமாளித்து மறுபடி நடக்கிறது. மறுபடி உதை, மறுபடி நடை. மொத்தமே முப்பத்தெட்டு வினாடி. முகம் தெரியாது. 'அந்தக் கால் என்னுடையது' என்று பெருமையாகக் கீழே எழுதியிருந்தேன். நீ 'சீ' என்று ஒரே எழுத்தில் பதில் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டாய்.

அது இயந்திரம், அக்கா. அதற்கு வலிக்காது. சேற்றிலும் வரப்பிலும் சறுக்கினால் தானே எழுந்திருக்கத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் கையால் தள்ளித்தான் பார்த்தோம். வீடியோவில் அது எடுபடவில்லை. உதைத்தால் எடுபடுகிறது. பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்கிறோமே, அதைப் பார்த்து யாராவது முகம் சுளிக்கிறார்களா?

ஆனால் சுளித்தது நீ ஒருத்தி மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். 'முட்டி பின்னால மடியுது, பார்த்ததும் சோறு இறங்கல' என்று மதுரையிலிருந்து ஒரு அம்மா. 'இது ஒருநாள் திருப்பி உதைக்கும், அன்னைக்கு நான் கைதட்டுவேன்' என்று ஒருவர். 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று ஒருவர். திட்டுகிறவர்கள்தான் நாலு தடவை திரும்பப் பார்க்கிறார்கள் என்று கணக்கு காட்டி, எங்கள் மேனேஜர் ஷோபனா மேடம் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார்.

இப்போது விஷயம். ஜனவரியில் சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டாவில் ஒரு டெமோ நடத்தப் போகிறார்கள். நம் ஊரைச் சொன்னது நான்தான். நம் ஒன்றரை ஏக்கரில் நடத்தலாம் என்று ஆசை. நன்றாக நடந்தால் டெல்டா முழுக்க இந்த வேலைக்கு நான்தான் தலைமை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி ஒரு வார்த்தை வாங்கிக் கொடு. ஜீவிதாவுக்கு இந்த மாமாவின் முத்தம்.

உன் தம்பி,
பரிதி


வடகரைவெளி, கீழ்வேளூர் வழி,
15 நவம்பர் 2025

பரிதிக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

'சீ' என்பதற்கு மேல் எனக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. வாந்திதான் வந்தது. பைக்கை உதைக்கிற கதையெல்லாம் என்னிடம் சொல்லாதே. பைக் தடுமாறி எழுந்து நின்று மறுபடி உன் முன்னால் நடந்து வருவதில்லை.

நீ அனுப்புவதற்கு முந்தின நாளே அந்த வீடியோ இங்கே வந்துவிட்டது. ஆதாரில் போன் நம்பர் மாற்ற ஆபீசில் கூட்டம். தையல் கடை சாஜிதா தன் போனை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் சைத்தூன் பீவி பார்த்துவிட்டு, "யா அல்லா, இதுக்குத் தலை எங்கடி? அறுத்துப் போட்ட ஆடு எந்திரிச்சு நடக்குற மாதிரியில்ல இருக்கு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். இளவட்டங்கள் மூன்று பேர் சிரித்துச் சிரித்துத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எங்க, குடும்மா" என்று வாங்கி, கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "யாரு தாமரை அந்த உதைக்கிற பய?" என்றார். உதைத்தது இடது கால் என்பதைப் பார்த்ததுமே எனக்கு இடது கால்காரன் உன் நினைப்புத்தான் வந்தது. "யாரோ பெங்களூர்க்காரன்ப்பா" என்றேன். அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

நீ உன் கடிதத்தில் எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த வீடியோவின் தலையில் என்ன எழுதியிருந்தது? 'பண்ணையாள் – எத்தனை உதைத்தாலும் எழுந்து நிற்பான்.' அந்த இயந்திரத்துக்குப் பெயர் பண்ணையாளாம்!

நீ பத்து வயதில் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனவன், உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் சொல்கிறேன். பண்ணையாள் என்றால் பண்ணையில் வேலை பார்க்கிறவன் என்று அர்த்தம் இல்லை. பண்ணைக்குச் சொந்தமானவன் என்று அர்த்தம். நம் தாத்தா அப்படித்தான் இருந்தார். சட்டம் வந்து அந்த முறையை எடுத்த பிறகும் அப்பா பதினைந்து வயது வரை அதே பண்ணையில் மாடு கட்டினார். ஒருநாள் களத்தில் ஏதோ பதில் பேசிவிட்டார் என்று பண்ணை வீட்டுக்காரர் உதைத்தார். அப்பா உடனே எழுந்து நின்றார். எழுந்துவிட்டானே என்று மறுபடி உதை. விழ, எழ, விழ, எழ. களத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எந்திரிக்கிறான் பாரு, எந்திரிக்கிறான் பாரு" என்று வேடிக்கை காட்டினாராம். இதை அம்மா சாவதற்கு முந்தின வருஷம் என்னிடம் சொன்னார். அப்பா வாயைத் திறந்ததே இல்லை.

இந்தச் சொல் நம் தெருவில் செத்துப்போய் வெகுநாள் ஆகிறது. ஜீவிதாவுக்கு வயது பதினான்கு. இப்படி ஒரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அவள் வளர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசை இல்லை. அதை நீ உன் கம்பெனி மூலமாகத் தோண்டி எடுத்து, நாலு கால் வைத்து, எங்களை நோக்கி நடக்கவிட்டிருக்கிறாய்.

இந்தப் பெயரை வைத்தது யார்? அதை எனக்கு எழுது. பெயரை மாற்றச் சொல். மாற்றிய பிறகு மற்றதைப் பேசலாம். அதுவரை நம் நிலத்தில் அது கால் வைக்காது.

செந்தாமரை


ஓசூர்,
24 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். வேறு இடத்தில் படிக்க முடியவில்லை.

பெயர் வைப்பதெல்லாம் மார்க்கெட்டிங் ஆட்களின் வேலை. அகராதியைப் புரட்டியிருப்பார்கள். நானும் பார்த்தேன், பண்ணை வேலையாள் என்றுதான் போட்டிருக்கிறது. அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களே இரண்டு பேர். வேண்டுமென்று செய்ததில்லை, அறியாமல் நடந்த தவறு. ஷோபனா மேடத்திடம் நானே பேசுகிறேன். மாற்றிவிடுவார்கள் என்று நம்பிக்கை இருக்கிறது.

அருவருப்பு எனக்கு மட்டும் இல்லையா என்ன? இங்கே இரண்டு கால் மாடல் ஒன்றும் இருக்கிறது, ஆள் உயரம். மல்லாந்து கிடந்தால் அது நம்மைப் போலக் கையை ஊன்றி எழுந்திருக்காது. இரண்டு காலையும் காதுப் பக்கம் கொண்டுபோய், இடுப்பை முழுசாகத் திருப்பி, முதுகு எது வயிறு எது என்று தெரியாதபடி எழுந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அறை துடைக்க வரும் அம்மா, அது இருக்கும் அறைக்குள் நுழைய மாட்டேன் என்று வேலையையே விட்டுவிட்டார். பழகிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். எனக்குப் பழகிவிட்டது.

அப்பாவிடம் அது என் கால் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பரிதி


வடகரைவெளி,
12 டிசம்பர் 2025

பரிதிக்கு,

மாற்றிவிடுவார்கள் என்று எழுதினாய். நேற்றுப் பையில் உன் கம்பெனியின் நோட்டீஸ் கட்டு வந்திருக்கிறது. இருநூற்று நாற்பது. முகவரி கிடையாது, என் எல்லையில் வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். வழவழப்பான தாளில் அந்தத் தலையில்லாத சனியன் நிற்கிறது. மேலே முழ நீளத்துக்குப் 'பண்ணையாள்'. கீழே 'உங்கள் வயலுக்கு ஒரு விசுவாசமான வேலையாள். சோறு கேட்க மாட்டான், கூலி கேட்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான்.'

எதிர்த்துப் பேச மாட்டானாம்! இதை எழுதினவன் கையில் புழு வைக்க.

இதை நான் என் கையால் நம் தெருவில் வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கட்டைப் பிரித்தவள் அப்படியே மறுபடி கட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பதினெட்டு வருஷ சர்வீசில் ஒரு கார்டைக்கூட நான் ஒருநாள் தாமதித்ததில்லை. மழையில் இடுப்பளவு தண்ணீரில் தலையில் பையை வைத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். இப்போது தபாலைப் பதுக்குகிறேன். மேற்பார்வைக்கு வருகிறவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

போன வாரம் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். நீ சொன்ன இரண்டு கால் ஜாதியில் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பட்டு வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். குனிந்து கும்பிடுகிறது, பன்னீர் தெளிக்கிறது, சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. சந்தனத்தை ஒரு பெண்ணும் தொடவில்லை. பன்னீர் பட்ட கையை எல்லாரும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்கள். பாட்டுப் போட்டதும் அது இடுப்பை வெட்டி ஆடியது. பிள்ளைகள் கூடவே ஆடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "எவன்டா இத இங்க கொண்டாந்து வச்சது, பொணத்துக்கு வேட்டி கட்டுன மாதிரி" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். அந்த மனிதருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன். ஜீவிதா மட்டும் கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாவும் இதத்தானம்மா செய்றாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு உன்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

அப்பா மறுபடி கேட்டார். "அந்த உதைக்கிற பய யாருன்னு தெரிஞ்சுதா?" எனக்கு இனிமேல் பொய் சொல்ல வராது. சீக்கிரம் பெயரை மாற்று.

செந்தாமரை


ஓசூர்,
3 ஜனவரி 2026

அக்கா,

பேசிப் பார்த்தேன். மூன்று தடவை பேசினேன். பெயரைப் பதிவு செய்துவிட்டார்களாம், பேனரும் அடித்தாகிவிட்டது. என் கையில் ஒன்றும் இல்லை.

டெமோ 24ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. நீ நம் நிலத்தைத் தர மாட்டேன் என்றதால் மனோகரன் தன் நிலத்தைத் தருகிறேன் என்றார். ஆமாம், அதே பண்ணை வீட்டுப் பேரன்தான். சென்னையிலிருந்து இதற்காகவே வருகிறார். அவரைப் பிடித்தது நான் இல்லை, ஷோபனா மேடம்தான்.

அன்றைக்கு ஒருநாள் மட்டும் அப்பாவை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடு. நாகப்பட்டினம் கண் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப் போ. இந்த ஒரு உதவியைச் செய்.

பரிதி


வடகரைவெளி,
29 ஜனவரி 2026

பரிதிக்கு,

கம்பெனி காரில் வந்தாய், கம்பெனி காரில் போய்விட்டாய். இடையில் நம் வீடு முந்நூறு அடி தூரத்தில் இருந்தது.

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அத வச்சுப் பாக்கத்தான் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடந்ததை நீயும்தான் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மனோகரன் மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துல எங்க பண்ணையில நாப்பது பண்ணையாள் இருந்தாங்க. இப்ப இந்த ஒண்ணு போதும்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. பிறகு பின்வரிசையில் நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டார். "அடடே, நம்ம அய்யாக்கண்ணு! எங்க பண்ணையாளு குடும்பத்துல மிச்சம் இருக்குற ஒரே பெரியவர். வாங்க, முன்னால வாங்க. மொத உதை நீங்கதான் விடணும்!"

அப்பா முன்னால் வந்தார். அந்தச் சனியன் நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்துத் துறுதுறுவென்று நின்றது, அவரைக் கண்டதும் பின்வாங்குகிற மாதிரி. அதன் பக்கத்தில் கம்பெனி பனியனும் ஷூவுமாக நீ. உன்னிடமிருந்து அப்பா இரண்டு முழ தூரத்தில் நின்றார். 'இவர் என் அப்பா' என்று நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கு உதைச்சுப் பழக்கம் இல்லீங்க" என்றார் அப்பா. அதற்கும் சிரித்தார்கள். அவர் திரும்பி நடந்தார். மேனேஜரம்மா உனக்கு ஜாடை காட்டினார். நீ உதைத்தாய்.

அதற்கப்புறம்தான் எல்லாம் நாறியது. "யாரு வேணாலும் உதைக்கலாம்" என்று மைக்கில் சொன்னதும் வரிசை கட்டிவிட்டார்கள். பெண்கள்கூட. நம் தெருப் பையன்களும் நின்றார்கள், பெயர் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "டேய் பண்ணையாளு, எந்திரிடா!" என்று ஒருவன் ஆரம்பித்தான், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அது வாய்க்காலில் விழுந்து, மல்லாந்து, காலை உதறிக்கொண்டு கிடந்தபோது சேற்றை அள்ளி அடித்தார்கள். எல்லார் கையிலும் போன். அதுவரை அந்த இயந்திரத்தைக் கண்டுதான் எனக்குக் குமட்டியது. அப்போது அதைக் கண்டு குமட்டவில்லை. எனக்குக் குமட்டியதெல்லாம், நான் தினமும் வாசலில் நின்று பெயர் சொல்லித் தபால் கொடுக்கிற முகங்களைப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து அப்பா காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். "அவன் இடது கால்காரன்னு எனக்குத் தெரியாதா தாமரை? கபடி சொல்லிக் குடுக்கையில அவன் காலப் புடிச்சுப் புடிச்சு வளத்தவன் நான். மொத நாளே தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்" என்றார். காலைத் துடைத்துக்கொண்டே, "வேலைன்னா செய்யத்தான் வேணும். பேரு வச்ச பயலத்தான் செருப்பால அடிக்கணும்" என்றார்.

மேசைக்கு அடியில் இருந்த நோட்டீஸ் கட்டை செவ்வாய்க்கிழமை ஆபீஸ் திறந்ததுமே எடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

செந்தாமரை


ஓசூர்,
5 பிப்ரவரி 2026

அக்கா,

பேரு வச்ச பய நான்தான்.

போன ஜூனில் ஒரு மீட்டிங். பதினோரு பேர் இருந்தோம், டெல்டாக்காரன் நான் ஒருத்தன். 'வயலில் கூடவே இருந்து வேலை செய்கிறவனுக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?' என்று ஷோபனா மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார். நான்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். எல்லாரும் நாலு தடவை சொல்லிப் பார்த்து, ஓசை நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கைகுலுக்கினார்கள். மாற்றச் சொல்லி மூன்று தடவை பேசினேன் என்று எழுதினேனே, ஒரு தடவைகூடப் பேசவில்லை. பேசினால், அப்போதே ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நாம் யார் என்று சொல்ல வேண்டும். எனக்கு அதற்குத் துணிவு வரவில்லை.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். எனக்குத் தெரியும், அக்கா. திருச்சி ஹாஸ்டலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்ட அன்று பஸ்ஸில் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். களம், உதை, அந்தச் சிரிப்பு, அந்தச் சொல். "இதுக்காகத்தான்டா உன்ன அனுப்புறேன், யாருகிட்டயும் சொல்லாத" என்றார். நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஏன் சொன்னேன் என்று இத்தனை மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல் இனிமேல் ஒரு இயந்திரத்தோடு போய்விடட்டும், பண்ணையாள் என்றால் உலகத்துக்கு அந்த நாலுகால் மட்டும்தான் ஞாபகம் வரட்டும், நம்மை விட்டு ஒழியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உதைக்க ஒரு கால் வேண்டும் என்று கேட்டபோது நான் ஏன் முதலில் எழுந்தேன் என்பதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. உதைத்தபோது நன்றாக இருந்தது, அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது என் காலை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று நிஜமாகவே கேட்டேன், பெயரை மாற்றச் சொல்லி. 'வாய்க்கால் வீடியோ எழுபது லட்சம் ஓடியிருக்கிறது, பெயரால்தான் ஓடுகிறது' என்று மேடம் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீ முடிவு செய்.

பரிதி


வடகரைவெளி,
14 பிப்ரவரி 2026

பரிதி,

உன் கடிதத்தை நான் முத்திரை குத்தும்போது அப்பா பெஞ்சில் இருந்தார். படிக்கச் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்தேன். பெயர் வைத்தது நீ என்ற இடத்தில் அவர் முகம் மாறவில்லை. பஸ்ஸில் சொன்னது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். "சின்னப் புள்ள, மறந்திருப்பான்னுல்ல நெனச்சேன். ஞாபகம் வச்சிருந்தா செஞ்சான்?" என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார், என்னிடம் சாதாரணமாகப் பேசுகிறார். உன் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

அந்தச் சொல் நம்மை விட்டு ஒழியட்டும் என்று நினைத்தாயாமே. எங்கே போய் ஒழிந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் ஜீவிதாவின் சைக்கிளை உதைத்துத் தள்ளியிருக்கிறான். அவளும் சைக்கிளோடு விழுந்திருக்கிறாள். எழுந்ததும் மறுபடி உதைத்திருக்கிறான். சுற்றி நின்ற நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்திரி பண்ணையாளு, எந்திரி" என்று கத்தியிருக்கிறார்கள். தாத்தாவை மைக்கில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரியுமே! முட்டியில் தோல் உரிந்து வந்தாள். அவள் அழவில்லை. "பண்ணையாள்னா ரோபோ பேருதானம்மா? என்னை ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியரிடம் போனேன். "சின்னப் பசங்க, வீடியோ பாத்துட்டு விளையாடியிருக்காங்க" என்றார். தாத்தாவிடம் கேட்டிருக்கிறாள், அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அகராதியில் பார்த்தாளாம், பண்ணை வேலையாள் என்று போட்டிருக்கிறது, அதில் கத்திச் சிரிக்க என்ன இருக்கிறது என்கிறாள். "மாமாகிட்ட கேக்குறேன், மாமா கம்பெனிதானே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்கிறாள்.

என் மகளிடம் இதை நான் சொல்ல மாட்டேன். என் வாயால் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போனில் சொல்லாதே. நீ கிளம்பி வா. அவள் எதிரே உட்கார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொல். யாரை அப்படிக் கூப்பிட்டார்கள், அவர்களை என்ன செய்தார்கள் என்று சொல். அதை அந்த இயந்திரத்துக்கு வைத்தது யார், உதைத்தது யார் என்பதையும் சொல்.

அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். எழுந்து போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் காதிலும் விழுகிற மாதிரி, சத்தமாகச் சொல்.

செந்தாமரை